ஊர் ஒரு முகமூடி: 'தீரன்' படமும் பட்டப்பகல் நகைக்கடைக் கொள்ளைகளும்

2017 நவம்பர் 16, வியாழக்கிழமை. கொளத்தூரில் ஒரு நகைக்கடை. கடைக்கு மேலே இருந்த அறையை, துணிக்கடை வைக்கப் போறோம்னு சொல்லி சிலர் முன்னாடியே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மதியம் உரிமையாளர் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், மேலிருந்து தளத்தில் ஓட்டை போட்டு இறங்கி, சுமார் மூன்றரை கிலோ தங்கத்தோடு போய்விட்டார்கள். சவரன் கணக்கில் சொன்னால் 437 சவரன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. 'தீரன் அதிகாரம் ஒன்று' வெளியானது.

தற்செயல்தான். ஆனால் அடுத்த நாலு வாரத்தில் இந்த இரண்டும் செய்திகளில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன. கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் போன தனிப்படையில் இருந்த மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், டிசம்பர் 13 அன்று பாலி மாவட்டத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். 'தீரன் பட பாணியில்' என்ற தொடர் அந்த நாட்களில் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கொள்ளையர்கள் சுட்டார்கள் என்பது முதலில் வந்த செய்தி. சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் பின்னால் சொன்னது. முதல் செய்தி படத்தோடு பொருந்தியது, இரண்டாவது பொருந்தவில்லை. இன்றைக்கு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முதல் செய்திதான் ஞாபகத்தில் இருக்கும்.

ஒரு படம் செய்தியை எப்படிப் பார்ப்பது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு செய்தியை நாம் தனியாகப் பார்ப்பதில்லை. அந்தக் கோணத்தில்தான் 'தீரன்' படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது மோசமான படம் இல்லை, நல்ல படம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்க பக்கத்துக் கதை

படத்துக்கு அடிப்படையான பவாரியா வழக்கு திருவள்ளூர் மாவட்டத்தோடு நெருக்கமாக ஒட்டிய ஒன்று. 2005 ஜனவரி 9 அன்று பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி அ.தி.மு.க. எம்.எல்.ஏ. கே. சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முன்னாள் அமைச்சரும்கூட. அதற்கு முன் பல வருஷமாக நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் இதே மாதிரிக் கொலை, கொள்ளைகள் நடந்துகொண்டிருந்தன. எம்.எல்.ஏ. இறந்த பிறகுதான் எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை, வடமாநிலங்களில் தேடுதல் எல்லாம் முழு வேகம் பிடித்தது. 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் இந்தக் கொலை வழக்கில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட 21 வருஷம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துப் பயம் இன்னும் இருக்கிறது. ஜி.என்.டி. ரோட்டை ஒட்டித் தனி வீடு கட்டினால், "ரோட்டோரமாவா?" என்று இப்பவும் கேட்பார்கள். ஆக, இயக்குநர் எச். வினோத் ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்கினார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பயம் உண்மை, செத்தவர்களும் உண்மை.

படம் எதைச் சரியாகச் செய்தது

என் மாதிரி ஆட்களுக்கு இந்தப் படத்தில் பிடித்தது அலுப்பான வேலைகளைக் காட்டிய விதம். ஒரு கைரேகையை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலைகிறார்கள். ஓட்டை வண்டி, பத்தாத பணம், தெரியாத மொழி, மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருத்தல். தமிழில் போலீஸ் படம் என்றால் பஞ்ச் வசனமும் பெல்ட்டும்தான் என்றிருந்த இடத்தில், விசாரணை என்பது பெரும்பாலும் காகிதத்தோடு மல்லுக்கட்டுவது என்று காட்டியது.

இன்றைக்குப் பார்த்தால் அந்த அலைச்சலின் ஒரு பெரிய பகுதி ஒரு டேட்டாபேஸ் தேடல். காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009ல்தான் ஒப்புதல் கிடைத்தது. தேசிய கைரேகைத் தளமான நாஃபிஸ் 2022 ஆகஸ்டில் வந்தது. 2005ல் ஒரு மாநிலத்தின் கைரேகை இன்னொரு மாநிலத்துக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப மாட்டாமல் தப்பித்ததற்கு அந்தக் கும்பலின் வீரமோ வெறியோ எவ்வளவு காரணமோ, மாநில எல்லையில் தகவல் நின்றுபோனது அதைவிடப் பெரிய காரணம். படத்தின் முதல் பாதிக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எங்கே சறுக்குகிறது

இரண்டாம் பாதியில் படம் வேறு ஒரு காரணத்துக்குத் தாவிவிடுகிறது. 'இவங்க எப்படித் தப்பிக்கிறாங்க?' என்ற கேள்வி, 'இவங்க யார்?' என்று மாறுகிறது. ஒரு சமூகத்தின் பல நூறு வருஷக் கதையைச் சொல்லி, வேட்டை, போர், கொள்ளை என்று ஒரே கோட்டில் இணைத்து, இது ரத்தத்தில் ஊறியது என்ற எண்ணத்தைப் பார்வையாளனிடம் விட்டுவிட்டுப் போகிறது. பிறகு ஊரே திரண்டு போலீஸைத் துரத்தும் அந்தப் புகழ்பெற்ற காட்சி. படமாக்கிய விதத்தில் அசாத்தியம். ஆனால் அந்தக் காட்சிக்குள் இருக்கும் கணக்கு என்ன? குற்றவாளி சில பேர் இல்லை, ஊர் மொத்தமும்.

'குற்றப்பரம்பரை' என்ற சொல்லுக்குச் சீர்மரபினர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தயாரிப்பு நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது. சொல்லை எடுத்துவிடலாம், ஆனால் படத்தின் வாதம் அந்தச் சொல்லில் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இதை நாம் கூடுதல் கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும். 1871ல் வட இந்தியாவுக்காகப் போடப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை பதியச் சொல்லிக் கட்டாயப்படுத்தியபோது எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் ஆட்கள் மேல் குத்தப்பட்ட அதே முத்திரையை, நூறு வருஷத்துக்குள் வேறு ஆட்கள் மேல் குத்துகிற ஒரு படத்துக்கு நாம் விசில் அடித்தோம்.

சரி, இதெல்லாம் நியாயம் சார்ந்த விமர்சனம், ஏற்கெனவே பலர் சொன்னதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 'ரத்தத்தில் ஊறியது' என்ற விளக்கம், விளக்கமாகவே தேறவில்லை. நடந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதைவிட எளிமையான, பயன்படக்கூடிய ஒரு விளக்கம் கிடைக்கிறது.

ஏழு வழக்குகள்

தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட ஏழு தங்கக் கொள்ளைகளை எடுத்துக்கொள்கிறேன். ஏழை வைத்துப் புள்ளிவிவரம் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் செயல்முறை எப்படி என்று பார்க்க ஏழு போதும்.

ஒன்று, மேலே சொன்ன கொளத்தூர், 2017. பகல். ராஜஸ்தான் கும்பல்.

இரண்டு, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் லலிதா ஜுவல்லரி, 2019 அக்டோபர் 2 அதிகாலை. சுவரில் துளை, முகத்தில் பொம்மை முகமூடி, சுமார் 13 கோடி ரூபாய் நகை. தலைமை தாங்கியவர் திருவாரூர்க்காரர்.

மூன்று, ஓசூர் முத்தூட் ஃபைனான்ஸ் கிளை, 2021 ஜனவரி 22. காலை, கடை திறந்த நேரம். துப்பாக்கி முனையில் 25 கிலோ, அதாவது 3,125 சவரன். மத்தியப் பிரதேசக் கும்பல். நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவி காட்டிக் கொடுத்ததால் மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள்.

நான்கு, வேலூரில் ஒரு நகைக்கடை. 2021 டிசம்பர், இரவு. பின்சுவரில் துளை, சிங்க முகமூடி, 15 கிலோ. செய்தவர் அதே மாவட்டத்து இளைஞர். நகையை ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்தார்.

ஐந்து, அரும்பாக்கம் ஃபெட்பேங்க், 2022 ஆகஸ்ட் 13. பகல். சுமார் 31 கிலோ. முக்கியக் குற்றவாளி அதே நிறுவனத்தின் ஊழியர். திருடுபோன தங்கத்தில் 3.7 கிலோ அச்சிறுபாக்கம் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து கிடைத்தது.

ஆறு, கோவை காந்திபுரம் ஜோஸ் ஆலுக்காஸ், 2023 நவம்பர். இரவு. ஏ.சி. வழியாக ஒரே ஆள் உள்ளே போனார். தர்மபுரிக்காரர்.

ஏழு, ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டை, 2024 ஏப்ரல் 15. எங்கள் மாவட்டம். பட்டப்பகலில் காரில் வந்த நாலு பேர், கடையில் தனியாக இருந்த உரிமையாளரைத் துப்பாக்கியைக் காட்டிக் கட்டிப்போட்டு, ஒன்றரை கிலோ தங்கத்தையும் 5 லட்ச ரூபாயையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜஸ்தான்காரர்கள் கைதானார்கள்.

இப்போது பிரித்துப் பாருங்கள். இரவில் நடந்த மூன்றிலும் செய்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். பகலில் நடந்த நாலில் மூன்றில் வெளிமாநிலக் கும்பல், ஒன்றில் உள்ளேயே இருந்த ஊழியர்.

"பாத்தீங்களா, தீரன் சொன்னது சரிதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ரத்தம்தான் காரணம் என்றால், பகல், இரவு என்று இப்படிப் பிரிய வேண்டிய அவசியம் என்ன?

எளிய காரணம் ஒன்று இருக்கிறது. பகலில் கொள்ளையடித்தால் முகம் தெரியும். கடைக்காரர் பார்ப்பார், பக்கத்து டீக்கடை பார்க்கும், கேமரா பார்க்கும். உள்ளூர்க்காரன் முகம் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அரும்பாக்கத்தில் ஊழியர்தான் செய்தார் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. முகம் தெரிந்தாலும் பெயர் தெரியாத ஆளுக்குத்தான் பகல் லாபம். உள்ளூர்க்காரனுக்கு இரவு வேண்டும், அல்லது முகமூடி வேண்டும், அல்லது இரண்டும் வேண்டும். திருச்சியிலும் வேலூரிலும் முகமூடி இருந்தது. ஓசூரிலும் முத்தாபுதுப்பேட்டையிலும் வந்தவர்களுக்கு ஊரே முகமூடி.

துபாய், லண்டன்

இது நம்ம ஊருக்கு மட்டும் பொருந்துகிற விஷயமா என்று பார்க்க, வெளிநாட்டில் நடந்த இரண்டு பெரிய பகல் கொள்ளைகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் கிராஃப் என்ற வைர நிறுவனத்தின் கடைகள்.

2007 ஏப்ரலில் துபாய் வாஃபி மாலுக்குள் இரண்டு ஆடி கார்களை ஓட்டிக்கொண்டே நுழைந்து, மூன்று நிமிஷத்துக்குள் கடையை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். 'பிங்க் பேந்தர்ஸ்' என்று அழைக்கப்படும், பால்கன் நாட்டுக்காரர்கள் அடங்கிய வலைப்பின்னல். அவர்களுக்கு துபாயில் யாரையும் தெரியாது, அவர்களையும் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் விமானம். கொளத்தூரின் அதே கணக்கு, பணம்தான் பெரிது.

2009 ஆகஸ்டில் லண்டன் நியூ பாண்ட் ஸ்ட்ரீட் கடையில் கோட் சூட் போட்ட இரண்டு பேர் முகத்தை மறைக்காமல் உள்ளே போனார்கள். சுமார் 4 கோடி பவுண்டு மதிப்புள்ள நகை. இவர்கள் உள்ளூர்க்காரர்கள். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? முந்தி ஒரு தொழில்முறை ஒப்பனைக் கூடத்துக்குப் போய், படப்பிடிப்பு என்று சொல்லி, மணிக்கணக்கில் உட்கார்ந்து முகத்தையே மாற்றிக்கொண்டார்கள். வெளியூர்க்காரனுக்கு இலவசமாகக் கிடைப்பதை உள்ளூர்க்காரன் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வாட்சும் தங்கமும்

மேற்கில் இப்போது அதிகம் குறிவைக்கப்படுவது ஆடம்பர வாட்ச். சுத்தியலால் கண்ணாடியை உடைத்து, ஒரு தட்டு ரோலக்ஸை எடுத்து, ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளியே. வாட்சில் ஒரு சிக்கல் உண்டு. முழுசாக இருந்தால்தான் விலை, முழுசாக இருந்தால் அதன் சீரியல் எண்ணும் கூடவே இருக்கும். லண்டனில் திருட்டு வாட்ச் எண்களுக்கென்றே தனிப் பதிவேடு நடத்துகிறார்கள். வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தங்கம் அப்படி இல்லை. 1,064 டிகிரியில் உருகினால் அதோடு அதன் வரலாறு முடிந்தது. 2021 ஜூலையிலிருந்து நகைகளில் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து அடையாளம் வந்திருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது தூய்மைக்கான முத்திரை, திருட்டைக் கண்டுபிடிக்கச் செய்ததில்லை. அடகுக்கடையில் இருக்கிற பாட்டி காலத்து அட்டிகையில் அந்த எண்ணும் இருக்காது. பட்டறையில் உருக்கிவிட்டால் எந்த எண்ணும் இருக்காது.

நம் ஊர்க் கொள்ளைகளில் கண்ணாடி உடைபடுவது குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே யாருக்கும் ஷோகேஸில் இருக்கும் ஒரு அழகான ஆரம் தேவையில்லை, எடைதான் தேவை. எடை இருப்பது லாக்கரில். அதனால்தான் தி.நகரில் ஐந்து மாடி, நூறு ஊழியர் இருக்கும் கடையைப் பகலில் தொடுவதில்லை. மதிய நேரத்தில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடையையும், நாலு ஊழியர் இருக்கும் நகைக்கடன் கிளையையும் தொடுகிறார்கள்.

வாங்கினவன் எங்கே?

'தீரன்' படத்தையும், அதன் பிறகு வந்த சி.சி.டி.வி. செய்திகளையும் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். 40 விநாடிக் காட்சி, சிவப்பு வட்டம், பதற்றமான இசை, 'பட்டப்பகலில் துணிகரம்' என்ற எழுத்து, கடைசியில் 'வடமாநிலக் கும்பலா?' என்ற கேள்விக்குறி. கடைக்குள் நடந்ததைப் பத்துத் தடவை போட்டுக் காட்டுகிறார்கள். கடைக்கு வெளியே நடந்தது எதுவும் கேமராவில் இல்லை, அதனால் செய்தியிலும் இல்லை. கடையில் மதியம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யார் சொன்னது? மேல்மாடி அறை வாடகைக்கு இருப்பது யார் மூலம் தெரிந்தது? ஒன்றரை கிலோ தங்கத்தை எந்தப் பட்டறை உருக்கியது, யார் காசு கொடுத்தது?

சட்டம் இந்த விஷயத்தில் சினிமாவைவிடத் தெளிவாக இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கூட்டுக்கொள்ளையில் வந்த பொருள் என்று தெரிந்தே வாங்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டம் 412வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 317வது பிரிவு. கொள்ளையடித்தவனுக்கு இணையாக வாங்கினவனையும் நிறுத்துகிறது. காரணம் எளிது. வாங்க ஆள் இல்லாவிட்டால் 25 கிலோ தங்கம் என்பது வெறும் பாரம். வேலூர் இளைஞர் சுடுகாட்டில் குழி தோண்டியது அதனால்தான்.

அரும்பாக்கம் வழக்கில் போலீஸ்காரர் வீட்டிலேயே தங்கம் கிடைத்தது. ஒரு திரைக்கதைக்கு இதைவிட நல்ல திருப்பம் கிடைக்குமா? ஆனால் அது எந்த 'பாணியிலும்' பொருந்தவில்லை, அதனால் சீக்கிரம் மறந்துபோனது.

கும்மிடிப்பூண்டியில் இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்

முத்தாபுதுப்பேட்டை சம்பவம் நடந்த வாரம், எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இந்தி பேசும் வாடகைதாரர் எல்லாரிடமும் ஆதார் நகல் வாங்கி வைக்க வேண்டும், முடிந்தால் இனிமேல் அவர்களுக்கு வீடே கொடுக்க வேண்டாம். முப்பது, நாப்பது கட்டைவிரல்கள். எங்கள் தெரு அடகுக்கடைக்காரரும் அந்தக் குழுவில் இருக்கிறார். எல்லாரும் 'சேட்டு' என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாத்தா ராஜஸ்தானிலிருந்து வந்தவர். கொள்ளை நடந்தால் முதலில் பயப்பட வேண்டியவர் அவர்தான். அவர் ஒன்றும் எழுதவில்லை.

'வடக்கன்' என்ற ஒரே சொல்லுக்குள் கொள்ளையடித்தவன், கொள்ளை போன கடைக்காரர், சிப்காட் ரோலிங் மில்லில் பழுத்த கம்பியை இடுக்கியில் பிடித்து இழுக்கிறவர் மூன்று பேரையும் போட்டுவிட்டோம்.

மேலே சொன்ன முகக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பகல் கொள்ளைக்குத் தேவை, இந்த ஊரில் யாருக்கும் தெரியாத முகம். மூன்று வருஷமாக கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் பீகார்த் தொழிலாளியின் முகம் யாருக்கெல்லாம் தெரியும்? கான்ட்ராக்டருக்கு, கேட் செக்யூரிட்டிக்கு, லைன் வீட்டு ஓனருக்கு, மளிகைக் கடைக்கு, ரீசார்ஜ் கடைக்கு. அவருடைய ஆதார் நகல் ஏற்கெனவே நாலு இடத்தில் இருக்கிறது. கைரேகை தினம் இரண்டு தடவை மெஷினில் பதிகிறது. கொள்ளை நடந்தால் ஓடவும் முடியாது, சம்பளப் பாக்கி இங்கே நிற்கிறது. செயல்முறைப்படி பார்த்தால், பகல் கொள்ளைக்கு என்னைவிடவும் பொருத்தமில்லாத ஆள் அவர்.

ஆனால் சந்தேகம் வரும்போது கையில் கிடைப்பதும் அவர்தான். திருச்சி கொள்ளையின் முதல் நாளிலேயே, புதுக்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கியிருந்த வடமாநிலத்தவர் சிலரைப் பிடித்து விசாரித்தார்கள். அடுத்த நாள் இரவு திருவாரூரில் வாகனச் சோதனையில் ஒருவர் நகையோடு சிக்கிய பிறகுதான் வழக்கு சரியான திசைக்குப் போனது. 2012 பிப்ரவரியிலும் இதேதான். பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிகளில் நடந்த பகல் கொள்ளைகளுக்குப் பிறகு வேளச்சேரியில் ஐந்து பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கையோடு, வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது.

விவரம் சேகரிப்பது தப்பில்லை. யாரைப் பற்றிச் சேகரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. கொளத்தூரில் ஒரு விவரம் நிஜமாகவே உதவியிருக்கும்: நகைக்கடைக்கு நேர் மேலே, புதிதாக, குறுகிய காலத்துக்கு வாடகைக்கு வந்தவர் யார்? அதில் மொழியும் இல்லை, மாநிலமும் இல்லை. அந்தக் கேள்வியைத் தமிழ் பேசுகிறவரிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

வேறு படங்கள், வேறு கேள்விகள்

சினிமாவால் இதைச் சொல்ல முடியாது என்றில்லை. வெற்றிமாறனின் 'விசாரணை'யில் குண்டூரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள், ஒரு திருட்டு வழக்கை முடிக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே பிடித்து அடிக்கப்படுகிறார்கள். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதன் மூலம். தமிழன் வெளியூரில் கூலியாக இருந்தால் என்ன நடக்கும் என்று அந்தப் படம் காட்டியபோது நாம் அழுதோம். அது தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரியில். அடுத்த வருஷமே 'தீரன்'. கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் அங்கே குண்டூரில் இருந்தவரேதான், மொழி மட்டும் வேறு என்று நமக்குத் தோன்றவில்லை.

வினோத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2014ல் அவர் எடுத்த 'சதுரங்க வேட்டை' மோசடிக்காரனின் பிறப்பை ஆராயவில்லை. ஏமாறுகிறவனின் ஆசை, பணம் கை மாறும் விதம், ஒவ்வொரு மோசடியின் படிநிலை என்று நுட்பத்தை ஆராய்ந்தது. 2023ல் வந்த 'துணிவு' வங்கிக் கொள்ளையில் ஆரம்பித்து, பெரிய கொள்ளை கவுண்டருக்கு எந்தப் பக்கம் நடக்கிறது என்று கேட்டது. குரல் உரக்கத்தான் இருந்தது, ஆனால் கேள்வி சரியானது. இந்த இரண்டு படத்துக்கும் நடுவில் வந்த 'தீரன்' மட்டும் பணம் எங்கே போனது என்பதைவிட ஆள் எங்கே பிறந்தான் என்பதில் நின்றுவிட்டது. முதல் பாதியின் கைரேகைத் தேடலை அதே பொறுமையோடு தங்கத்தின் பின்னாலும் கொண்டுபோயிருந்தால், படம் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் போய் நின்றிருக்கும். யாருமே அந்தப் படத்தை இன்னும் எடுக்கவில்லை.

அதுவரைக்கும் அடுத்த சி.சி.டி.வி. காட்சி உங்கள் போனுக்கு வரும்போது, ஃபார்வேர்டு பண்ணுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தக் கடையைப் பற்றி இவர்களுக்கு யார் சொன்னது? இந்தத் தங்கத்தை யார் வாங்கப் போவது? இரண்டுக்கும் பதில் அநேகமாக நம்ம ஊருக்குள்ளேயே இருக்கும்.